கூட வந்தவளை எப்படி அனுப்பி வைத்தார்கள்?

இங்கிலாந்தில் 'டாக்டர் ஹூ' என்று ஒரு டெலிவிஷன் தொடர். 1963 நவம்பர் 23-ம் தேதி, ஒரு சனிக்கிழமை சாயந்திரம், பி.பி.சி.யில் ஆரம்பித்தது. 1989-ல் நிறுத்தினார்கள். 2005-ல் மறுபடி தொடங்கினார்கள். முதல் வாரம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த குழந்தைகளெல்லாம் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

கதை இதுதான். 'டாக்டர்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் (ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வேற்றுக் கிரகத்து மனுஷர்) நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டு எந்தக் காலத்துக்கும், எந்தக் கிரகத்துக்கும் போவார். பெட்டி வெளியிலிருந்து பார்த்தால் டெலிபோன் பூத் அளவு. உள்ளே போனால் கல்யாண மண்டபம் மாதிரி விரியும். அதற்கு டார்டிஸ் என்று பெயர். டாக்டருக்கு உயிர் போகிற நிலைமை வந்தால் உடம்பே மாறி, வேறு நடிகராக எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால் கதாநாயகனுக்கு வயசாகிவிட்டதே என்ற கவலை எழுதுகிறவர்களுக்கு இல்லை.

டாக்டர்கள் மாறினாலும் கூடவே போகிற ஒரு பெண் அநேகமாக எப்போதும் உண்டு. ஸயன்ஸ் கதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ராக்கெட்டையும் ராட்சசனையும் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் பாருங்கள். அறுபது வருஷமாகப் பெண்ணை என்னவென்று நினைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

வருகிற காட்சியை வைத்து எடை போடக்கூடாது. வரும்போது எல்லாருமே துடுக்குக்காரிகள்தான், கெட்டிக்காரிகள்தான். நான் பார்ப்பது அவள் போகிற காட்சியை. தானாகப் போனாளா, போகச் சொன்னார்களா? "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று அவளைக் கேட்காமலே ஒருத்தர் முடிவு கட்டினாரா? இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யார் இருக்கிறோம்!

முதலில் ஒரு நல்ல சேதி. இந்தத் தொடரின் முதல் புரொட்யூஸரே ஒரு பெண், வெரிட்டி லாம்பர்ட். ஆரம்பித்தபோது வயது 27. பி.பி.சி.யின் நாடகப் பிரிவில் அப்போது வேறு பெண் புரொட்யூஸர் கிடையாது. முதல் கதையை டைரக்ட் செய்த வாரிஸ் ஹுசேன் இந்தியாவில் பிறந்தவர். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

அந்த முதல் கதையில் டாக்டரோடு கிளம்பியவர்கள் மூன்று பேர். பேத்தி ஸூஸன், அவளுடைய பள்ளிக்கூட ஸயன்ஸ் வாத்தியார் இயன், சரித்திர டீச்சர் பார்பரா. பார்பராவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1964-ல் வந்த ஆஸ்டெக் கதையில் அவளைத் தெய்வம் என்று நினைத்து ஊரே வணங்குகிறது. கிடைத்த அதிகாரத்தை வைத்து நரபலியை நிறுத்தப் பார்க்கிறாள். நடந்து முடிந்த சரித்திரத்தை மாற்ற முடியாது என்று டாக்டர் கத்துகிறார், அவள் கேட்கவில்லை. தோற்றுப்போகிறாள், ஆனாலும் அந்தக் கதையில் மனசாட்சி அவள்தான். ஜாக்குலின் ஹில் என்ற நடிகை அதை ஒரு டீச்சருக்குரிய நிதானத்தோடு செய்திருப்பார்.

ஸூஸன் கதை வேறு. 1964 டிசம்பரில் அவளை அனுப்பி வைத்தார்கள். டேவிட் என்று ஒரு பையன் மேல் அவளுக்குப் பிரியம். ஆனால் வயசான தாத்தாவை விட்டுவர மனசில்லை. அவள் காலில் இருந்த ஷூ ஓட்டை. தைத்துத் தருகிறேன் என்று தாத்தா வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் டார்டிஸின் கதவைத் தாளிட்டுக்கொள்கிறார். ஸ்பீக்கர் வழியாக ஆசீர்வாதம் பண்ணுகிறார், ஒரு நாள் திரும்பி வருவேன் என்கிறார், போய்விடுகிறார். பெண் ஒற்றைக் காலில் ஷூ இல்லாமல் நிற்கிறாள். கழுத்துச் சாவி நழுவி மண்ணில் விழுகிறது.

பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பேத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அவளும் சரி என்றுதான் சொல்லியிருப்பாளோ என்னவோ. நடித்த கரோல் ஆன் ஃபோர்டு வெளியே வந்ததற்கும் காரணம் உண்டு: சொன்னபடி பாத்திரம் வளரவில்லை, அலறுவதற்குத்தான் அதிகம் பயன்பட்டது. 2025-ல் தம்முடைய 84-வது வயதில் அவர் மறுபடி ஸூஸனாக வந்தார். நேரில் அல்ல, டாக்டரின் மனக்கண்ணில் ஒரு தோற்றமாக. அந்த வருஷத் தொடர் முடிகிற வரைக்கும் தாத்தா அவளைத் தேடிப் போகவில்லை.

அடுத்து காபி விவகாரத்துக்கு வருவோம். 1967-ல் சந்திரனில் நடக்கிற ஒரு கதை. பாலி என்ற பெண்ணை எல்லாருக்கும் காபி போட்டு வரச் சொல்கிறார் டாக்டர். அவளும் போட்டு எடுத்து வருகிறாள். காபி குடித்தவர்களில் ஒருவர் சுருண்டு விழ, விஷக்கிருமி சர்க்கரையில் கலந்திருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரிகிறது! சர்க்கரை போடாமல் குடித்தவர்கள் பிழைத்தார்கள். போகட்டும். எதிரி ஸைபர்மென், பாதி மனுஷன், பாதி பிளாஸ்டிக்கும் உலோகமும். பாலி யோசிக்கிறாள்: நகப்பூச்சும் ஒரு மாதிரி பிளாஸ்டிக், அதை அழிக்கிற திரவம் இதையும் கரைக்காதா? கரைக்கிறது. எதிரியை வீழ்த்துகிற யோசனை அவளுடையது. ஆனால் அந்தத் திரவத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறபோது, கூட இருக்கிற பையன் அவளைத் தடுக்கிறான், இது ஆம்பிளைகள் வேலையாம்! சமையலறை அறிவு வேண்டும், சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது. (நல்லவேளை, பாலி அவன் பேச்சைக் கேட்கவில்லை.)

1970-ல் லிஸ் ஷா வந்தாள். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. டாக்டர் பேசுவது அவளுக்குப் புரிந்தது. அதுவே வினையாகிவிட்டது. 'இதென்ன டாக்டர்?' என்று கேட்க ஒருத்தி இருந்தால்தானே பார்க்கிற ஜனங்களுக்கு டாக்டர் விளக்க முடியும். அவளுக்கே எல்லாம் தெரிந்திருந்தால் எப்படி? தயாரிப்பாளர்கள் இப்படி யோசித்து, நாலே கதையோடு அவளை எடுத்துவிட்டார்கள். நடித்த கரோலின் ஜான் அந்தச் சமயம் கர்ப்பமாகவும் இருந்தார். விடைபெறுகிற காட்சிகூட இல்லை. அடுத்த வருஷம் ஒரு வரியில் சேதி: கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டாள், உங்களுக்கு வேண்டியது டெஸ்ட் ட்யூபை எடுத்துக்கொடுத்து 'ஆஹா' போட ஓர் ஆள்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். யார் எழுதினார்களோ, தங்களை அறியாமல் நிஜத்தை எழுதிவிட்டார்கள்.

அவள் இடத்துக்கு வந்த ஜோ கிரான்ட்டை முதல் காட்சியில் டாக்டர் டீ கொண்டுவரும் பெண் என்று நினைத்துவிடுகிறார். பாவம், அவள் புகையைப் பார்த்துப் பயந்து தீயணைக்கும் கருவியை அடித்து, டாக்டருடைய பரிசோதனையையே பாழாக்குகிறாள். ஜோவைப் படிப்பில்லாத பெண்ணாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் கேட்டி மானிங் நடித்த அழகில் பாத்திரம் வளர்ந்துவிட்டது. 1973-ல் அவள் போன விதம் கௌரவமானது. வேல்ஸில் ஒரு சுரங்கத்தில் ரசாயனக் கழிவு கொட்டுகிறார்கள். அதை எதிர்க்கிற இளம் விஞ்ஞானி ஒருவனை விரும்பி, அவனோடு அமேசான் காட்டுக்குப் போகிறேன் என்று அவளே முடிவு செய்கிறாள். டாக்டர் நீலக்கல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, விருந்தின் நடுவே யாரிடமும் சொல்லாமல் கிளம்பித் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார். இந்தத் தடவை விட்டுப்போனது பெண், ஏங்கினது அவர். 2010-ல் ஒரு கிளைத் தொடரில் ஜோ மறுபடி வந்தபோது ஏழு குழந்தைகளுக்குத் தாய், பாட்டியும்கூட. அப்போதும் போராட்டம், ஊர்வலம் என்று சுற்றிக்கொண்டிருந்தாள்!

1973 டிசம்பரில் பத்திரிகை நிருபர் ஸாரா ஜேன் ஸ்மித் வந்தாள். காபி போட இங்கே ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பார்க்கிறார். அதற்கா நான் வந்தேன் என்று பட்டென்று பதில் வருகிறது. பாலி போட்ட காபிக்கு ஆறேழு வருஷம் கழித்து ஒருத்தி மாட்டேன் என்றாள். அந்த நாட்டில் பெண்கள் இயக்கம் சூடுபிடித்திருந்த சமயம். தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றேதான் அப்படி ஒரு பெண்ணை உருவாக்கினார்கள்.

ஆனால் அவளையும் அனுப்பின விதம் இருக்கிறதே! 1976-ல் கோபத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறாள். சும்மா மிரட்டல்தான், 'போகாதே' என்று சொல்வார் என்ற எதிர்பார்ப்பு. டாக்டரோ தன் சொந்தக் கிரகத்திலிருந்து அழைப்பு, உன்னைக் கூட்டிப்போக முடியாது என்று இறக்கிவிடுகிறார். இறக்கிவிட்டதும் அவள் ஊரில் இல்லை. லண்டன் பக்கத்து குரோய்டனுக்குப் பதிலாக ஸ்காட்லாந்து அபர்டீனில்! இது தெரியவந்தது 2006-ல், முப்பது வருஷம் கழித்து அதே எலிஸபெத் ஸ்லேடன் நடுவயது ஸாராவாக டாக்டர் முன் வந்து நின்று, ஏன் வரவில்லை, நான் காத்திருந்தேனே என்று கேட்டபோது. அது வரைக்கும் அனுப்பி வைத்த பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று தொடர் இவ்வளவு உருக்கமாகக் கேட்டதில்லை. ஜனங்களுக்கு அவளை எவ்வளவு பிடித்தது என்றால், 2007-ல் அவளை நாயகியாக வைத்துத் தனித் தொடரே எடுத்தார்கள். அறுபதை நெருங்கும் பெண், தத்துப்பிள்ளை, பக்கத்து வீட்டுக் குழந்தைகள். குழந்தைகள் நிகழ்ச்சிக்கு இப்படி ஒரு கதாநாயகி எங்கே கிடைப்பாள்? 2011 ஏப்ரலில் ஸ்லேடன் காலமானார். தொடரும் அந்த வருஷத்தோடு நின்றது.

கல்யாணம் பண்ணி அனுப்புவது எழுத்தாளர்களுக்குச் சுலபமான வழி. லீலா என்று ஒரு காட்டு வீராங்கனை (பேர்தான் நம்மூர்ப் பேர்). கத்தியும் கையுமாக எவனுக்கும் அஞ்சாதவள். ஆனால் அவளுக்குக் கொடுத்த உடுப்பு, குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற அப்பாக்களுக்காக என்று எல்லாருக்கும் தெரியும். 1978-ல் ஒரு காவல் அதிகாரியைத் திடீரென்று கைப்பிடித்துக்கொண்டு, இவரோடு இருந்துவிடுகிறேன் என்கிறாள். அந்த இரண்டு பேரும் அதற்கு முன் பிரியமாக நாலு வார்த்தை பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை. 1986-ல் பெரி என்ற பெண்ணுக்கு இன்னும் மோசம். செத்துப்போனாள் என்று காட்டிவிட்டு, பிற்பாடு இல்லை இல்லை, ஒரு ராஜாவைக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாள் என்று போகிற போக்கில் சொன்னார்கள். நைஸாவைச் சொல்லாமல் விடக்கூடாது. 1983-ல், குஷ்டம் போன்ற ஒரு வியாதிக்காரர்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிற விண்வெளி நிலையத்தில், எனக்கு மருந்து தயாரிக்கத் தெரியும், இங்கே இருந்து இதை ஒழுங்கான ஆஸ்பத்திரி ஆக்குகிறேன் என்று தானே தங்கிவிடுகிறாள்.

2005-ல் தொடர் மறுபடி ஆரம்பித்தபோது ஒரு பெரிய மாறுதல். பெண்ணுக்கு அம்மா வந்தாள்! அது வரைக்கும் பெரும்பாலும் அந்தப் பெண்களுக்கு வீடு வாசல் இருந்த மாதிரியே தெரியாது. காணாமல் போனால் தேட ஆளில்லை. ரோஸ் டைலர் 19 வயசு, லண்டனில் ஒரு துணிமணிக் கடையில் வேலை. அம்மா ஜாக்கி, கணவனை இழந்தவள். டாக்டரோடு சுற்றிவிட்டு, பன்னிரண்டு மணி நேரம்தானே ஆயிற்று என்று ரோஸ் சாவதானமாக வீட்டுக்குள் நுழைகிறாள். டாக்டர் கணக்கில் பிசகிவிட்டது, ஆனது பன்னிரண்டு மாசம். சுவரெல்லாம் மகளின் படம் போட்ட நோட்டீஸ். போலீஸ் வருகிறது. பெண்ணைப் பெற்றவள் டாக்டர் கன்னத்தில் விட்டாள் பாருங்கள் ஓர் அறை! நாற்பது வருஷத்துத் தாய்மார் எல்லாரும் சேர்ந்து கொடுத்த மாதிரி இருந்தது.

அதே வருஷத்துக் கடைசிக் கதையில், ஆபத்து முற்றியதும் டாக்டர் ரோஸை ஏமாற்றி டார்டிஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். உன் நல்லதுக்குத்தான், மறுபடி அதே பாட்டு. ஸூஸன் நின்றாள், ரோஸ் நிற்கவில்லை. டார்டிஸின் நெஞ்சுப்பகுதியைப் பெயர்த்தாவது திரும்பிப் போவேன் என்கிறாள். போகாதே என்று முதலில் தடுத்த அம்மா, கடைசியில் எங்கிருந்தோ ஒரு பெரிய லாரியைக் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், அதைச் சங்கிலி கட்டி இழுக்க. நான் இந்தத் தொடரில் மிகவும் ரசித்த காட்சி அதுதான்.

2007-ல் மருத்துவ மாணவி மார்த்தா, திரும்பிப் பார்க்காத ஆளுக்காக ஆயுசை வீணாக்க மாட்டேன், நொந்துபோன என் குடும்பத்துக்கு நான் வேண்டும் என்று அவளாகவே இறங்கிப் போனாள். அவளுக்கு ஒரு சபாஷ்.

டோனாவின் கதைதான் மனசைப் பிசைகிறது. ஆபீஸ்களில் தற்காலிக வேலை பார்க்கிறவள், நடுவயசை நெருங்குகிறவள், உரத்த குரல். அம்மா எந்நேரமும் அவளை மட்டம் தட்டுவாள். தாத்தா ஒருவர்தான் ஆதரவு. அவள் டாக்டரைக் காதலிக்கவில்லை. சரிக்குச் சரி சண்டை போட்டாள். 2008 ஜூலையில், உலகங்களையெல்லாம் காப்பாற்றும்போது டாக்டரின் அறிவு முழுவதும் அவளுக்குள் வந்துவிடுகிறது. மனுஷ மூளை தாங்காது, எரிந்துவிடும். பிழைக்க வைக்க ஒரே வழி, அவள் ஞாபகத்தை அழிப்பது. வேண்டாம், வேண்டாம் என்று அவள் கெஞ்சக் கெஞ்ச அழித்துவிடுகிறார். தூங்குகிற பெண்ணைத் தூக்கிவந்து வீட்டில் கிடத்துகிறார். எழுந்ததும் அவள் பழையபடி போனில் வம்பளக்கிறாள். எதிரே நிற்கிற டாக்டரை யாரென்றே தெரியவில்லை. ஒரு கணம் அண்டத்திலேயே முக்கியமானவளாக இருந்தாள் உங்கள் மகள் என்கிறார் அவர். இப்போதும் அப்படித்தான், என் மகளாயிற்றே என்கிறாள் தாய். அப்படியானால் அதை அவளிடம் எப்போதாவது சொல்லுங்கள் என்று அவர் சொன்னபோது எனக்கே சுருக்கென்றது.

உயிரைக் காப்பாற்றத்தானே செய்தார் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் தான் வளர்ந்ததே தெரியாமல் வாழ்வதற்கு அவள் சம்மதிக்கவில்லை. 1969-லேயே ஸோயி என்ற கணித மேதைக்கும் இதுதான் நடந்தது. டாக்டரின் இனத்தார் அவள் ஞாபகத்தைத் துடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அது வில்லத்தனம் மாதிரி இருந்தது. டோனாவுக்குச் செய்தவரோ அவளுடைய சிநேகிதர்.

அப்புறம் வந்தவர்களை இது உறுத்தியிருக்க வேண்டும். 2015-ல் கிளாராவின் ஞாபகத்தை அழிக்க டாக்டர் கருவியோடு வருகிறார். நாளைக்கு எனக்கு என்ன நிச்சயமோ தெரியாது, நடந்தது என்னுடையது, அதில் கை வைக்காதே என்கிறாள் அவள். கருவியைத் திருப்பியும் வைத்துவிடுகிறாள். மறந்துபோனது டாக்டர்! 2017-ல் கல்லூரி காண்டீனில் வறுவல் பரிமாறும் பில் என்ற பெண், உனக்கே இதை யாராவது செய்தால் எப்படியிருக்கும் என்று கேட்கிறாள். டாக்டர் கையை எடுத்துவிடுகிறார். 2023 நவம்பரில் டோனாவே வந்தாள், கணவனும் மகளுமாக. ஞாபகம் திரும்பினால் சாவு என்று பயந்தார்களே, சாகவில்லை. அந்தச் சக்தி பெற்ற குழந்தைக்கும் பங்காகப் போயிருந்தது, பாரமும் பாதியாயிற்று. மிச்சத்தை என்ன செய்வது? தாயும் மகளும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு வழி உண்டு என்று டாக்டருக்குத் தோன்றவே இல்லை.

தாய்மையை இந்தத் தொடர் எப்போதும் இவ்வளவு நன்றாகக் கையாண்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2011-ல் ஏமி என்ற பெண்ணுக்குப் பிறந்த குழந்தையை எதிரிகள் கடத்துகிறார்கள். மீட்டுவிட்டோம் என்று கையில் வாங்கினால், அது போலி. தாயின் கையிலேயே கரைந்து போகிறது. பிள்ளை பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும் நெஞ்சு வெடிக்க? இடைவேளை விட்டு அடுத்த கதை வந்தபோது, அந்தக் குழந்தைதான் உன் பள்ளித்தோழியாகவே கூட வளர்ந்தாள் என்று ஒரு விளக்கம், ஏமியும் கலகலப்பாகிவிட்டாள். பால் கட்டின மார்பு என்ற ஒன்று உண்டு என்று எழுதினவருக்குத் தெரியாது போலிருக்கிறது. மறு வருஷம், அவளுக்கு இனிக் குழந்தை பிறக்காது என்பதையும் புருஷன் பெண்டாட்டி சண்டை ஒன்றில் சொல்லித் தீர்த்தார்கள். ஏமி வந்துபோன 2010 முதல் 2012 வரை தொடருக்கு ஒரு கதைகூடப் பெண் எழுதவில்லை. 2008-க்கு அப்புறம் 2015-ல்தான் மறுபடி ஒரு பெண்ணுக்கு எழுதக் கிடைத்தது. பெண் எழுதினால்தான் சரியாக வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஜாக்கியை எழுதினது ஆண்தான். ஆனால் அறையில் ஒருத்தியாவது இருந்திருந்தால், 'அந்தக் குழந்தை எங்கே?' என்று கேட்டிருப்பாள்.

இதற்கிடையில் 2018-லிருந்து நாலு வருஷம் டாக்டரே பெண்ணாக இருந்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

கடைசியாக 2025. பெலிண்டா சந்திரா, லண்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நடித்தவர் கேரளத்தில் பிறந்த வரதா சேது. முதல் கதையிலேயே டாக்டர் அவளைக் கேட்காமல் அவள் ரத்த மரபைப் பரிசோதிக்கிறார். என் அனுமதி இல்லாமல் எப்படிச் செய்யலாம் என்று பிடித்துக்கொள்கிறாள். உன் சாகசங்களில் ஒன்றல்ல நான் என்கிறாள். அவளுக்கு ஊர் சுற்ற ஆசையில்லை. ட்யூட்டிக்குப் போகணும், வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்பதுதான் அவள் பேச்சு. ஆறு வாரம் அந்தப் பிடிவாதத்தை ரசித்துப் பார்த்தேன்.

மே 31-ம் தேதி வந்த கடைசிக் கதையில் என்ன செய்தார்கள் தெரியுமா? மாய உலகம் ஒன்றில் பாப்பி என்று ஒரு குழந்தை அவளுக்கு முளைக்கிறது. மற்றவர்கள் எதிரியோடு போராடும்போது பெலிண்டாவைக் குழந்தையோடு ஒரு பெட்டிக்குள் பத்திரமாக நிற்க வைக்கிறார்கள். மாயை கலைந்ததும் குழந்தையும் மறைகிறது. அதை மீட்க டாக்டர் தன் உயிர்ச்சக்தியைக் கொடுத்து உலகத்தையே கொஞ்சம் நகர்த்துகிறார். நகர்ந்த உலகத்தில் பாப்பி ஆரம்பத்திலிருந்தே பெலிண்டாவின் மகள். பழைய காட்சிகளை மறுபடி காட்டுகிறார்கள். வீட்டுக்குப் போகணும், போகணும் என்று அவள் துடித்ததெல்லாம் இந்தக் குழந்தைக்காகத்தான் என்று மாற்றி!

குழந்தை உயிரைக் காப்பாற்றியதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெற்று வளர்த்தவள் நான். ஆனால் ஒரு நர்ஸுக்குத் தன் வேலைக்காக, தன் அப்பா அம்மாவுக்காக, தனக்காக வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றக்கூடாதா? அதற்கு ஒரு குழந்தையைக் காரணம் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்களா? தோட்டத்தில் பாப்பியை வைத்துக்கொண்டு டாக்டருக்கு விடைகொடுக்கும்போது பெலிண்டா முகத்தில் சந்தோஷம்தான். முதல் கதையில் அனுமதி கேட்டாயா என்று சண்டை போட்டவளிடம், இதற்கு யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இதைப் பற்றி இரண்டு நாள் வாக்குவாதம். மருமகள் என் பக்கம், பிள்ளை டாக்டர் பக்கம். தொடரைப் பார்த்த வாசகிகள், முக்கியமாகக் கைக்குழந்தைக்காரிகள், உங்களுக்கு என்ன பட்டது என்று ஒரு கார்டு போடுங்களேன்.